எட்டாம் வகுப்புக்கு லேப்டாப் கட்டாயமா? ஒரு சர்வீஸ் கடைக்காரனின் கணக்கு

ஏப்ரல் கடைசியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. ஜூன் முதல் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் லேப்டாப் கொண்டுவர வேண்டும். மாடலைப் பள்ளியே சொல்லும். விலை 36,500 ரூபாய். பை, மூன்று வருட வாரண்டி, சில மென்பொருள்கள் அதிலேயே அடக்கம். என் மகள் இந்த வருடம் எட்டாம் வகுப்பு. நான் சேலம் ஐந்து ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அன்று கடை சாத்துவதற்குள் பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள்: "வாங்கலாமாண்ணா, வேண்டாமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயமானால் எனக்கு லாபம்தான். மூன்று வகுப்பு, வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர் என்றால் 240 லேப்டாப். பதிமூன்று வயதுப் பிள்ளை தோளில் தினமும் ஏறி இறங்கும் லேப்டாப் வருடத்துக்கு ஒரு தடவையாவது என் மேஜைக்கு வராமல் இருக்காது. வாரண்டி இருக்கிறதே என்பார்கள். அது தானாகக் கெட்டால்தான். கீழே போட்டாலோ தண்ணீர் பட்டாலோ நம் பாடுதான். அதனால் கீழே நான் எழுதுவதில் என் வியாபாரத்துக்கு ஆதாயமான முடிவு எது என்று உங்களுக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் நாலு வழி பேசப்பட்டது. சுற்றறிக்கையில் உள்ளபடி எல்லாரும் ஒரே மாடல் வாங்குவது ஒன்று. வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே கொண்டுவருவது இன்னொன்று. பள்ளியே நாற்பது லேப்டாப் வாங்கி, அலமாரி மாதிரியான ஒரு தள்ளுவண்டியில் பூட்டி வைத்து, பீரியடுக்குப் பீரியடு வேண்டிய வகுப்புக்கு அனுப்புவது மூன்றாவது. இப்போதுள்ள கம்ப்யூட்டர் லேபே போதும் என்று விட்டுவிடுவது நாலாவது.

நாலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த லேபில் 22 கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓடுவது 14. ஒரு மவுஸுக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் உட்கார்ந்தவன் கற்றுக்கொள்கிறான், ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். போதும் என்று சொன்னவர்கள் அந்த அறைக்குள் போய்ப் பார்க்காதவர்கள்.

எல்லாருக்கும் ஒரே மாடல்

இந்த வழிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரே மாடல் என்றால் வகுப்பில் உயர்வு தாழ்வு தெரியாது. ஒருத்தி ஆப்பிள் கொண்டுவருவாள், இன்னொருத்தி அண்ணனின் பழைய மெஷினை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவாள் என்ற நிலை வராது. சீருடைக்குச் சொல்லும் அதே காரணம்தான். ஆசிரியருக்கும் நிம்மதி. "மேலே வலது மூலையில் பாருங்கள்" என்றால் நாற்பது பேருக்கும் அது அதே மூலையில் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கும் வசதி. செத்துப்போன ஒரு மெஷினிலிருந்து பாகம் கழற்றி மூன்று மெஷினை ஓட வைக்கலாம்.

ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பது முதல் மாதம் மட்டும்தான்.

பள்ளிப் பிள்ளைகளின் லேப்டாப்பில் எனக்கு அதிகம் வருவது ஹிஞ்ச் வேலை, அதாவது மூடியைத் தாங்கும் கீல். மூடியைத் திறக்கும்போது ஒரு கையால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவார்கள். உள்ளே பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் குட்டிப் பித்தளை நட்டு அந்த இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து வரும். ஒரு நாள் மூடும்போது "டக்" என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அடுத்தது டிஸ்பிளே. கீபோர்டு மேல் பேனாவையோ இயர்போனையோ வைத்துவிட்டு மூடுவது. விரிசல் தொடங்கும் இடத்தைப் பார்த்தே உள்ளே இருந்தது பேனாவா இயர்போனா என்று சொல்லிவிடுவேன். அப்புறம் சார்ஜிங் பின். செருகிய சார்ஜரோடு அப்படியே பைக்குள் திணித்தால் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தண்ணீர் பாட்டில் கதை தனி. மூடி சரியாகத் திருகாத ஒரு பாட்டில், அதே பையில் ஒரு லேப்டாப். மதர்போர்டு வரைக்கும் போய்விடும்.

டிஸ்பிளே மாற்ற ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டதும், "இந்த மாசம் கழியட்டும்ணா, இங்கேயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார். அது என் அலமாரியில் ஆறு வாரம் இருந்தது. அந்தப் பெண் வேறு பள்ளி, அங்கே லேப்டாப் கட்டாயமில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பாடமே லேப்டாப்பில் நடக்கும் வகுப்பாக இருந்திருந்தால் அந்த ஆறு வாரமும் அவள் பக்கத்தில் இருப்பவளின் திரையைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாங்கும்போது எல்லாரையும் சமமாக்கிவிடலாம். ரிப்பேருக்குப் பணம் எடுக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் எல்.கே.ஜி. சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை வந்திருக்கிறானே என் பையன், அவனுக்கு யார் வாங்கித் தருவது? மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதையும் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது. பரிசீலித்துவிட்டல்லவா சுற்றறிக்கை அனுப்பியிருக்க வேண்டும்?

பை எடை அடுத்தது. 2018-இல் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கைப்படி எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பை நாலரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. 2020-இல் வந்த புத்தகப் பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. பள்ளி சொன்ன மாடலைக் கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன். சார்ஜரோடு 1.9 கிலோ. அதற்குப் பதிலாக எந்தப் புத்தகத்தைக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், ஒன்றையும் இல்லை. புத்தகம் புத்தகமாகவே இருக்கும், லேப்டாப் அதன் மேல் ஏறும். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அனுமதித்த பாரத்தில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒன்றே.

சார்ஜும் ஒரு பிரச்சினை. வகுப்பறையில் இரண்டு பிளக் பாயிண்ட், அதில் ஒன்று ஸ்மார்ட் போர்டுக்கு. புது பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும், இரண்டாவது வருடத்தில் மூன்று மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் மதியத்துக்கு மேல் என்ன செய்வது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் புத்தகத்தில் நடத்துவோம் என்றார்கள்.

வீட்டில் இருப்பதையே கொண்டுவந்தால்

செலவில்லாத வழி மாதிரித் தெரியும். ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஒத்திகை வைத்தார்கள். உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

9.20-க்குப் பீரியடு தொடங்கியது. கணித டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து ஒரு நேர்கோடு வரையுங்கள். வந்திருந்தது 38 பேர். 26 லேப்டாப், ஆறு டேப்லெட், மூன்று போன். மூன்று பேரிடம் ஒன்றுமில்லை. ஒரு லேப்டாப் திறந்த உடனே அப்டேட் போட ஆரம்பித்து, 34 சதவீதத்தில் அசையாமல் நின்றது. ஒன்றுக்குப் பாஸ்வேர்டு அப்பாவுக்குத்தான் தெரியும், அப்பா சந்தையில் இருக்கிறார். ஒன்றில் "ஏ" பட்டன் வேலை செய்யவில்லை. டேப்லெட்டில் திரையே வேறு மாதிரி வந்தது. நான் மேஜை மேஜையாக ஓடிக்கொண்டிருந்தேன். 9.50-க்கு, நாற்பது நிமிடப் பீரியடில் முப்பது நிமிடம் போன பிறகு, 17 திரைகளில் கோடு இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடுகிறதே தம்பி, ஏன் சும்மா இருக்கிறாய் என்றேன். "அப்பா எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னாருங்கண்ணா." திரையில் "தறிக் கூலி" என்று ஒரு எக்ஸெல் கோப்பு. அம்மாபேட்டையில் எட்டுத் தறி. சனிக்கிழமை கூலி நாள். மதியத்துக்குள் அந்த லேப்டாப் வீடு போய்ச் சேர வேண்டும். அந்த வீட்டில் அது படிப்புக் கருவி இல்லை, எட்டுக் குடும்பத்துக்கான கணக்குப் புத்தகம். அதைத்தான் நாம் பிள்ளையின் பையில் வைத்து பஸ்ஸில் ஏற்றச் சொல்கிறோம்.

இந்த வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் வகுப்பில் கேம் ஆடாமல் இருக்க எல்லா மெஷினிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட வேண்டும் என்றார்கள். பள்ளியின் மெஷினில் போடுவது வேறு, என் வீட்டு மெஷினில் போடுவது வேறு. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தையாகத்தான் பார்க்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. வீட்டு லேப்டாப் என்றால் பிள்ளையின் தரவோடு தறிக் கூலியும் சேர்ந்தே போகும். நான் போட்டுத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வழியை ஒத்திகையோடு அடித்துவிடலாம்.

கொடுத்ததும் கேட்பதும்

கூட்டத்தில் ஒருவர், "கவர்மெண்டே எல்லாருக்கும் லேப்டாப் கொடுத்தது, நாம கேட்டா தப்பா?" என்றார். நியாயமான கேள்வி மாதிரி இருக்கும்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் லேப்டாப் போயிருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் பாதி வேலை அதில்தான். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு போஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். லினக்ஸை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று வரிசையில் நிற்பார்கள். எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். பேட்டரி உப்பி, பட்டன் பிய்ந்து, எங்கள் கடைக்கு வந்து வந்து ஒரு வீட்டில் அக்கா, தம்பி, தங்கை என்று மூன்று பேர் காலேஜ் முடித்த மெஷினும் எனக்குத் தெரியும். பாக்கெட் பிரிக்காமல் விற்க வந்ததும் தெரியும். சில வருடங்களில், பள்ளி முடித்து வெளியேறிய பிறகே பிள்ளைகள் கைக்கு வந்தது.

ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, காலேஜ் வாசலில் நிற்கும் வயதில் கொடுத்தது. அதைத் தினமும் பள்ளிக்குத் தூக்கி வா என்று யாரும் சொல்லவில்லை. கெட்டுப்போனால் பாடம் நிற்கவில்லை. இப்போது 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்த 20 லட்சம் பேருக்கான திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கல்லூரி மாணவர்களுக்கு என்றே வந்திருக்கிறது. கொடுக்கிறவர்கள் வயதைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எங்கள் பள்ளி வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறது, அதுவும் நம் காசில்.

வெளிநாட்டுக் கதைகளையும் ஒருவர் எடுத்துவந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளில் ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 2012-இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி அந்தப் பள்ளிகளை ஆய்வு செய்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2009 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு அரசு கொடுத்தது. 2013-இல் மத்திய நிதி நின்றதும், வீட்டிலிருந்து கொண்டு வா என்று பள்ளிகள் மாறிக்கொண்டன. ஸ்வீடன் 2023-இல் மறுபடி அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்க ஆரம்பித்தது. இதையெல்லாம் வைத்து லேப்டாப்பே கெட்டது என்று சொல்ல மாட்டேன். மெஷின் வாங்குவது வேலையில் சின்னப் பகுதி என்று மட்டும் தெரிகிறது.

தள்ளுவண்டிக் கணக்கு

எனக்கு இந்த வழிதான் சரி என்று பட்டதற்குக் காரணம் ஒரு டைம்டேபிள். கூட்டத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன்: பிள்ளைகள் எல்லாரிடமும் லேப்டாப் இருந்தால் வாரத்துக்கு எத்தனை பீரியடு அதைத் திறக்கச் சொல்வீர்கள்? கம்ப்யூட்டர் சார் இரண்டு என்றார். அறிவியல் இரண்டு. கணிதம் ஒன்று. சமூக அறிவியலில் வரைபடத்துக்கு ஒன்று. ஆங்கில டீச்சர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். தமிழ் ஐயா சிரித்தார்.

ஆக ஆறு. வாரத்தில் மொத்தம் நாற்பது பீரியடு. மீதி 34 பீரியடும் 36,500 ரூபாய் மெஷின் பைக்குள் படுத்திருக்கும், வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வீணாகப் பயணம் செய்துகொண்டு.

சரி, ஆறு பிரிவு, பிரிவுக்கு ஆறு பீரியடு. 36. வாரத்தில் இருப்பதோ நாற்பது. ஒரே ஒரு செட், நாற்பது மெஷின், மூன்று வகுப்புக்கும் போதும். இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், எங்கோ தப்பு இருக்கும் என்று. இல்லை.

பணத்தைப் பார்ப்போம். 240 பேரும் வாங்கினால் 87 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். உதிரிக்கு நாலு சேர்த்து 44 மெஷினைப் பள்ளி வாங்கினால் 16 லட்சத்து 6 ஆயிரம். அதை 240 குடும்பத்துக்கு மூன்று வருடத்தில் பிரித்தால் வருடத்துக்கு 2,231 ரூபாய். பராமரிப்பு, பேட்டரி, சார்ஜிங் அலமாரி எல்லாவற்றுக்கும் தாராளமாக வருடம் இரண்டு லட்சம் வைத்தாலும் தலைக்கு இன்னொரு 833. மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். கட்டாயமாக வாங்கச் சொன்னால் மூன்று வருடத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல், ரிப்பேர் தனி. ஒரே மாடலின் நன்மைகள் எல்லாம் இதிலும் உண்டு. ஹிஞ்ச் உடைந்தால் அது ஒரு கொலுசுத் தொழிலாளியின் கடனாகாது, உதிரியிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு பாடம் நடக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்னும் பேப்பரில்தான். மூன்று மணி நேரம் கை வலிக்க எழுத வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, உண்மை. ஆனால் அதற்கு வேண்டியது மவுஸ் பிடிக்கத் தெரிவது. அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்கலாம். எழுதி எழுதி வரும் வேகத்தைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து கொண்டுவர முடியாது.

தமிழ் ஐயா சிரித்ததில்தான் எனக்கு வருத்தம். எங்கள் கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகளில் தமிழில் தட்டச்சத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, போன் மாற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். 1999-இல் அரசே தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிர் இடது கை, மெய் வலது கை. பத்து நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். அந்த நாற்பது மெஷினில் வாரம் ஒரு பீரியடை ஐயாவுக்குத் தரலாம் என்று பார்த்தால், ஆறு பிரிவுக்கு ஆறு பீரியடு வேண்டும், மிச்சம் இருப்பது நாலுதான். பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் கொடுத்தால் கச்சிதம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த வழியின் குறை என்ன? வீட்டில் மெஷின் இருக்காது. இது சின்னக் குறை இல்லை. நானே அதற்குச் சாட்சி. பத்தாவது படிக்கும்போது மாமாவின் ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அதைக் கழற்றி மாட்டி, கெடுத்து, சரி செய்து, ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவிடம் திட்டு வாங்கித்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். பீரியடு முடிந்ததும் பூட்டிவிடும் மெஷினில் அது நடந்திருக்காது. நாற்பதில் இரண்டு பேர் அப்படி இருப்பார்கள். அந்த இரண்டு பேருக்காக சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு அறையைத் திறந்து வைக்கலாம். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்களுக்குச் சொந்த மெஷின் வாங்கச் சொன்னால் நான் எதிர்க்க மாட்டேன். முடியாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கி, வாரக் கடைசிக்குக் கொடுக்கலாம். இரண்டு பேருக்காக 240 பேரை வாங்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

எந்தக் கருவி என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். டேப்லெட் பார்க்க நல்லது, எழுதக் கஷ்டம், விழுந்தால் கண்ணாடி. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மலிவு, ஆனால் நெட் நன்றாக இருக்க வேண்டும். அதோடு அப்டேட் எந்த வருடம் வரை வரும் என்று பார்த்து வாங்க வேண்டும், பத்து வருடம் என்பது அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுவது, நாம் வாங்கும் நாளிலிருந்து இல்லை. லேப்டாப் என்றால் எட்டு ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., சேலத்தில் ஸ்பேர் கிடைக்கும் மாடல். போதும்.

மலைமேல் இதே கேள்வி

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஏற்காடு போயிருந்தேன். டவுனைத் தாண்டி உள்ளே ஒரு பள்ளி, வருடா வருடம் சர்வீஸ் செய்து தருகிறேன். மலையாளி பழங்குடிக் குடும்பங்கள், எஸ்டேட் தொழிலாளர் வீடுகள், அங்கிருந்து வரும் பிள்ளைகள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் கேட்கும் கேள்விகள் அங்கே வேறு வடிவம் எடுக்கும்.

முதல் எதிரி ஈரம். செப்டம்பர், அக்டோபரில் மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். மெஷினைத் திறந்தால் உள்ளே காப்பர் எல்லாம் பச்சை பூத்திருக்கும். அந்தப் பள்ளி டீச்சர் ஒரு வேலை செய்திருக்கிறார். பன்னிரண்டு பழைய லேப்டாப்பையும் ஒரு மர பீரோவில் அடுக்கி, கீழ்த்தட்டில் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பை ராத்திரி பகலாக எரிய விட்டிருக்கிறார். பீரோவைத் திறந்தால் இளஞ்சூடாக, துவைத்த துணி காய்ந்த மாதிரி ஒரு வாசனை. மூன்று வருடமாக ஒரு மெஷினும் பூசணம் பிடிக்கவில்லை. அந்த லேப்டாப்பை மழையில் மூன்று கிலோமீட்டர் நடந்து எஸ்டேட் லைன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரே பிளக் பாயிண்டில் போன், டிவி, இது எல்லாம் மாறி மாறிச் செருகி, மின்னல் வந்தால் பிடுங்கு என்று அம்மா கத்தும் வீட்டில் வைத்திருந்தால் எத்தனை மாதம் வரும்?

சிக்னலும் அப்படித்தான். 2020-இல் பள்ளிகள் மூடியபோது, ஒரு வளைவில் பாறை மேல் குடை பிடித்துக்கொண்டு போனோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கல்வி தொலைக்காட்சி அவர்களுக்கு அந்த போனை விட உபயோகமாக இருந்தது.

அதனால் டீச்சரும் நானும் சேர்ந்து பழைய அரசு லேப்டாப் ஒன்றை சர்வராக்கினோம். லினக்ஸ் போட்டு, பாடப் புத்தகங்களின் பி.டி.எஃப்., நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும், அறிவியல் செய்முறைகளுக்கு ஃபெட் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் ஏற்றினோம். ஒரு சின்ன ரவுட்டர். நெட் கிடையாது, ஆனால் வகுப்பறைக்குள் எல்லா மெஷினும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பார்த்த முதல் பக்கம் காப்பிச் செடி பற்றியது. பூவிலிருந்து பழம் வரை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். எத்தியோப்பியா என்ற பெயர்தான் புதுசு.

நாற்பது பிள்ளைக்குப் பன்னிரண்டு மெஷின். போதாது. ஆனாலும் பெற்றோரைக் கேட்டு வாங்கலாமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்பதால் பீரோவும் பல்பும் தோன்றியது. சேலத்தில் கேட்டால் எப்படியாவது கடன் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் சிக்கல்.

கூட்டம் முடிந்த பிறகு

டைம்டேபிளையும் பணக் கணக்கையும் ஒரு அரைத் தாளில் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "36 பீரியடா?" என்றார். கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "ஒன்பதாம் வகுப்பு இரண்டாவது மாடி சார். லிஃப்ட் கிடையாது. வண்டியை யார் தூக்கறது?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. எட்டாம் வகுப்பு கீழே, ஒன்பது இரண்டாவது மாடியில், பத்து முதல் மாடியில். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை படியேற்ற முடியாது. மாடிக்கு ஒரு செட் என்றால் என் கணக்கு மூன்று மடங்காகிவிடும். பிள்ளைகளை ஒரே அறைக்கு வரச் சொல்லலாம் என்றால் காலி அறை இல்லை. திங்கட்கிழமை மறுபடி பேசலாம், அதுவரை சுற்றறிக்கையை நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

வரும் வழியில் மார்க்கெட்டில் தக்காளி கிரேட் ஒன்று வாங்கினேன். கடையில் செத்த லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. இடையிடையே ஸ்பாஞ்ச் வெட்டி வைத்து, புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கிப் பார்த்தேன். ஒரு கிரேட்டில் பதினொன்று நிற்கிறது. மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினார்கள். நாலு கிரேட்டில் 44-ம் அடங்கிவிடும்.